கோரிப்பாளையம் மாடியில் ஒரு ஜெர்மன் வகுப்பு: செவிலியர்கள் சேரலாமா?

மதுரையில் ஜெர்மன் படிக்க இடம் தேடும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். கோரிப்பாளையத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே உள்ள மாடியில் நடக்கும் வகுப்பில் ஏ1 நிலையிலிருந்து பி1 வரை படித்து முடித்தேன் (மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்கள், ஏ1 தொடக்கம்). படிக்கட்டின் கீழே தொங்கும் பலகையில் ‘ஜெர்மன் வகுப்பு, மாடியில்’ என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. விளம்பரமும் இல்லை. சுற்றியுள்ள மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இந்த இடம் தெரியவருகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி1 வரை தயங்காமல் சேருங்கள். பி2 நிலைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை வாங்கித் தருவார்கள் என்ற எண்ணத்தோடு மட்டும் அந்தப் படியை ஏறாதீர்கள். அங்கே பாடம் நடத்தும் மேடம் முதல் நாளே அதை உடைத்துச் சொல்லிவிடுவார்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டு வேலை என்பது புதிய செய்தி அல்ல. என் பெரியப்பா சவூதியில் கம்பி கட்டும் வேலைக்குப் போய்த்தான் வீடு கட்டினார், இரண்டு தங்கைகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். போகும்போது அவருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. உடன் வேலை பார்த்தவர்களிடமிருந்து கொஞ்சம் இந்தி, மேஸ்திரியிடமிருந்து கொஞ்சம் அரபு என்று பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மலேசியாவில் தமிழ் பேசும் முதலாளியிடமே வேலை கிடைத்துவிடுவது உண்டு. செவிலியர்கள் வளைகுடாவுக்குப் போனாலும் உரிமத் தேர்வு ஆங்கிலத்தில்தான். வார்டுக்குத் தேவையான அரபு அங்கே போன பிறகு வந்துவிடுகிறது. ஆகவே ‘மொழி எதற்கு, போனால் தானாக வரும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் அப்படித்தான் போனார்கள், உழைத்தார்கள், குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அந்த நம்பிக்கையை எடுத்துத்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் சில அலுவலகங்கள் விலை பேசுகின்றன. ‘ஜெர்மனியில் நர்ஸ் வேலை, மொழி தேவையில்லை’ என்று அச்சிட்ட தாளை எங்கள் மருத்துவமனை வாசலிலேயே ஒருவர் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னுடன் வேலை பார்க்கும் ஒரு தங்கை அந்த முகவரிக்குப் போனாள். இரண்டரை லட்சம் கேட்டிருக்கிறார்கள். மூன்றே மாதத்தில் பி2 சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், அதற்குள் விசா வந்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அம்மா நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டார். அவள் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

ஜெர்மனியின் நிலைமை இதுதான். அங்கே செவிலியர் பணி சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட தொழில். நம் பட்டத்தை அங்குள்ள மாநில அரசின் அதிகார அமைப்பு சரிபார்த்து அங்கீகரிக்க வேண்டும். 2020-இல் நடைமுறைக்கு வந்த புதிய பராமரிப்புத் தொழில் சட்டத்தின்படி பெண்ணுக்கு ‘ஃப்ளேகெஃபாக்ஃப்ராவ்’, ஆணுக்கு ‘ஃப்ளேகெஃபாக்மான்’ என்பது தொழிற்பெயர். அந்தப் பெயரோடு வேலை பார்க்க, பட்டத்தோடு மொழித் தகுதியும் காட்ட வேண்டும், பெரும்பாலும் பி2. சில மாநிலங்களில் மருத்துவமனைப் பேச்சுக்கென்று தனித் தேர்வும் உண்டு. அங்கீகாரம் முடிவதற்கு முன்பே அங்கே போய் மீதியை முடிக்கும் வழியும் இருக்கிறது. அப்படிப் போகிறவர்களுக்குப் பொதுவாக பி1 கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் வந்த ‘அங்கீகாரக் கூட்டாண்மை’ என்ற ஏற்பாட்டில் சட்டப்படி ஏ2 போதும் என்றாலும், ஏ2 மட்டும் கையில் வைத்திருப்பவரை வார்டில் நிறுத்த எந்த மருத்துவமனை முன்வரும் என்பது வேறு கேள்வி. எந்தப் பக்கம் திரும்பினாலும் மொழி இல்லாத வழி ஒன்று எனக்குத் தென்படவில்லை.

மூன்று மாதக் கதையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி1 அடைய 350 முதல் 650 பாடவேளைகளும், பி2 அடைய 600 முதல் 800 பாடவேளைகளும் ஆகும் என்று ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனமே சொல்கிறது. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று விடாமல் படித்தாலும் பி2-க்கு எட்டரை மாதத்துக்குக் குறையாது. இரவுப் பணி பார்க்கும் நமக்கு இன்னும் கூடும்.

இனி வகுப்புக்கு வருகிறேன்.

பாடம் நடத்துபவர் நம்மைப் போல ஒரு செவிலியர். பவேரியா மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்திலும் பிறகு ஒரு மருத்துவமனையிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். படுக்கையில் விழுந்த தன் தாயைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பி, இங்கேயே தங்கிவிட்டார். ஏ1, ஏ2 இரண்டுக்கும் தலா 12,000 ரூபாய், பி1-க்கு 16,000. இரண்டு தவணையாகக் கட்டலாம். பாடத்தாள்களின் நகல் செலவு தனி. தேர்வுக் கட்டணம் இதில் சேராது. அதைத் தேர்வு நடத்தும் நிறுவனத்துக்கு நாம் நேரடியாகக் கட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பு, மாலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு. இரண்டிலும் அன்றைக்கு ஒரே பாடம்தான் நடக்கும். இதை எழுதும்போதே மேடத்தை நன்றியோடு நினைக்கிறேன். தனியார் மருத்துவமனையில் டியூட்டிப் பட்டியல் வாரத்துக்கு வாரம் மாறும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. வேறு எந்த வகுப்பில் கேட்டாலும் ‘நீங்கள் சேர்ந்த நேரத்துக்குத்தான் வர வேண்டும்’ என்றார்கள். இங்கே இரவுப் பணி முடித்து, முகம் கழுவிக்கொண்டு காலை வகுப்பில் உட்காரலாம். பகல் பணி வாரத்தில் மாலை வரலாம். வேலையை விட்டுவிட்டு மொழி படிக்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

முதல் வாரத்தில் எண்கள். இது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான் என்று நினைத்தேன். ஆனால் இங்கே எண்களுக்குக் கொடுக்கும் நேரத்தைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஜெர்மனில் 68 என்பதை ‘எட்டும் அறுபதும்’ என்று சொல்கிறார்கள். ஒன்றாம் இடம் முதலில், பத்தாம் இடம் பிறகு. காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 68 தாளில் 86 ஆகிவிடும். சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கினால் இந்தத் தவறு பதினெட்டு சென்ட் நட்டத்தோடு போகும். இன்சுலின் அளவில் நடந்தால்? மேடம் மேசையில் உட்கார்ந்து இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, சர்க்கரை அளவு, மருந்தின் மில்லிகிராம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். நாங்கள் எழுத வேண்டும். பிறகு எழுதியதைத் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும். இந்தத் திரும்பப் படிப்பதை அவர் ஒருநாளும் விட்டதில்லை. இங்கே மருத்துவர் தொலைபேசியில் மருந்து சொன்னால் நாம் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறோமே, அதே ஒழுக்கத்தை மொழி வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறார். பி1 வகுப்பு முடியும்வரை ஒவ்வொரு நாளும் முதல் பத்து நிமிடம் இதுதான்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ள அவர் விடமாட்டார். என்னைப் போலத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அது கைவந்த பழக்கம். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவர் பலகையில் காட்டினார்: ‘கால்’ என்று பொருள்படும் சொல்லையும், கடும் வேதனையைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பைன்’ தான். நம் எழுத்தில் ஒரே ‘ப’ இருப்பதால் அந்த இரண்டு ஒலிகளும் கலந்துவிடுகின்றன. க, ட, த எழுத்துகளிலும் இதே சிக்கல். காதால் கேட்டு, வாயால் சொல்லி, அவர்களுடைய எழுத்திலேயே எழுதிப் பழகியவர்கள்தான் பின்னால் கேட்டல் தேர்வில் தேறினார்கள்.

வினைச்சொல் இரண்டாக உடைந்து ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவது ஜெர்மனின் பெரிய தலைவலி. ‘எழுந்திருங்கள்’ என்பதற்கும் ‘எழுந்திருக்காதீர்கள்’ என்பதற்கும் வாக்கியத்தின் தொடக்கம் ஒன்றேதான். மறுப்பு கடைசியில்தான் வரும். ‘ஷ்டேயன் ஸீ பிட்டே அவுஃப்’ என்றால் எழுந்திருங்கள். ‘ஷ்டேயன் ஸீ பிட்டே நிஹ்ட் அவுஃப்’ என்றால் எழ வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆன நோயாளியைப் பற்றி மருத்துவர் சொல்வதைப் பாதி கேட்டுவிட்டு ஓடினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தமிழிலும் வினையும் மறுப்பும் கடைசியில்தானே வருகின்றன. ஆகவே ஆங்கிலவழியில் படித்தவர்களைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று மேடம் தைரியம் சொல்வார். என் அனுபவத்தில் அது உண்மை.

பெயர்ச்சொல்லின் பாலை மனப்பாடம் செய்வதுதான் சலிப்பான பகுதி. கை பெண்பால், முழங்கையோடு சேர்ந்த புயம் ஆண்பால், கால் ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாவது பால். காரணம் கேட்கக் கூடாது, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் வகுப்பு மற்ற வகுப்புகளைப் போலத்தான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஏ2 பாதியிலிருந்து வகுப்பின் முகமே மாறிவிடும். அறையின் ஓரத்தில் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டில் கிடக்கிறது. ஒருவர் அதில் படுத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் செவிலியர். ஜெர்மனியில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, வாய் கழுவிவிடுவது, ஊட்டிவிடுவது எல்லாம் செவிலியரின் வேலை. இங்கே அதை உடனிருக்கும் உறவினர்களும் ஆயாக்களும் பார்த்துக்கொள்கிறார்கள். பட்டம் முடித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த பெண்கள் அங்கே போய் முதல் வாரத்திலேயே மனம் உடைவது இதனால்தான் என்று மேடம் வெளிப்படையாகச் சொல்வார். அந்த வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள் என்பார். எனக்கு அதில் தயக்கம் இல்லை. என் அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் எல்லாம் செய்தது நான்தான்.

கட்டிலருகே நின்று, செய்யும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ‘இப்போது உங்கள் இடது கையைத் துடைக்கிறேன். தண்ணீர் சூடு போதுமா? வலப்பக்கமாகத் திரும்புகிறீர்களா? நான் பிடித்துக்கொள்கிறேன்.’ தமிழில் இதை யோசிக்காமல் சொல்கிறோம். ஜெர்மனில் கை வேலை செய்தால் வாய் நின்றுவிடும், வாய் பேசினால் கை நின்றுவிடும். இரண்டும் ஒன்றாக நடக்கும்வரை கட்டிலை விட்டு நகர விடமாட்டார். படுத்திருப்பவரும் சும்மா படுத்திருக்கக் கூடாது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் குத்துகிறது, எரிகிறது, அழுத்துகிறது, இழுக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சுழியத்திலிருந்து பத்துக்குள் அளவும் சொல்ல வேண்டும். ‘மியர் இஸ்ட் ஷ்லெஹ்ட்’ என்று நோயாளி சொன்னால் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்து, ஏதோ உடம்பு சரியில்லை என்கிறார் என்று நின்றுகொண்டிருந்தால் போச்சு. அவருக்குக் குமட்டுகிறது, வாந்தி எடுக்க ஏதாவது பாத்திரம் கொண்டுவா என்கிறார். இப்படிப்பட்ட பாடத்தை வார்டில் நின்றவர்தான் எடுக்க முடியும்.

பி1-இல் பணி ஒப்படைப்பு. அடுத்த ஷிஃப்டுக்கு நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது. இதற்காக மேடம் நம் சொந்த வார்டில் அன்றைக்குப் பார்த்த நோயாளியைப் பற்றிப் பேசச் சொல்வார். பெயரையோ ஊரையோ சொல்லக் கூடாது. புத்தகத்தில் உள்ள கற்பனை நோயாளியைப் பற்றிப் பேசும்போது தடுமாறும் நாக்கு, நம் கையால் ஊசி போட்ட நோயாளியைப் பற்றிப் பேசும்போது எப்படியாவது வழி தேடிக்கொள்கிறது. இலக்கணம் பிசகினாலும் நடுவில் நிறுத்தித் திருத்த மாட்டார். முடித்த பிறகு ஒரு துண்டுத்தாளில் பிழைகளை எழுதிக் கையில் கொடுப்பார்.

எல்லாவற்றையும்விட நான் அங்கே கற்ற பெரிய பாடம், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்வது. ‘மன்னியுங்கள், இன்னொரு முறை மெதுவாகச் சொல்கிறீர்களா?’, ‘நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்ற இரண்டு வாக்கியங்களை ஏ1-இன் முதல் வாரத்திலேயே சொல்லவைத்துவிடுவார். நம் வளர்ப்பு அப்படி: பெரிய மருத்துவர் சொன்னது புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு, பிறகு மூத்த சிஸ்டரிடம் போய்க் கேட்போம். அங்கே தலையாட்டினால் புரிந்துகொண்டதாகப் பொருள், பொறுப்பு நம்முடையதாகிவிடும். வகுப்பில் யாராவது புரியாமல் ‘யா, யா’ என்று தலையாட்டினால் மேடத்தின் முகம் மாறிவிடும். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அந்த தங்கையின் கதை இங்கேதான் வருகிறது. அவளுக்கு அந்த அலுவலகம் நேர்முகத்துக்கென்று கேள்வி பதில்களை அச்சடித்துக் கொடுத்திருந்தது. தன்னை அறிமுகம் செய்துகொள்வது, ஏன் ஜெர்மனி, பத்து ஆண்டில் எங்கே இருப்பீர்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள். கெட்டிக்காரி, வேலையில் என்னைவிடக் கை சுத்தம். காணொளி நேர்முகத்தில் அந்த மருத்துவமனையின் செவிலியர் தலைவி, தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டார்: நேற்று உங்கள் பிரிவில் கடினமாக இருந்தது என்ன? அவளுக்குக் கேள்வியே பிடிபடவில்லை. ஏன் ஜெர்மனி என்பதற்கான பதிலைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நேர்முகம் அத்துடன் முடிந்தது. கட்டிய பணத்தைக் கேட்டால், ‘பயிற்சி கொடுத்துவிட்டோம், திருப்பித் தர இயலாது’ என்றார்கள். அவள் குற்றம் இதில் ஒன்றும் இல்லை. மொழியைத் தருவதாகச் சொல்லி மனப்பாடத்தை விற்றவர்களின் குற்றம். இப்போது அவளும் இந்த மாடி வகுப்பில்தான் இருக்கிறாள், ஏ2 படிக்கிறாள்.

எனக்கு நடந்த நேர்முகத்திலும் இதே போன்ற கேள்விதான் வந்தது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மெதுவாக இன்னொரு முறை சொல்லும்படி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னார். வென்டிலேட்டரிலிருந்து எடுத்த ஒரு முதியவரைப் பற்றி எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னேன். முடிவில் அவர், புரியாததைக் கேட்டீர்கள், அது நல்லது என்றார். இப்போது ஒப்பந்தம் வந்திருக்கிறது. பட்டம், மதிப்பெண் விவரம், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவுச் சான்று, பணி அனுபவச் சான்று ஆகியவற்றைச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டு, பி2 படித்துக்கொண்டிருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும்.

சத்தம். கோரிப்பாளையம் சந்திப்பு சாதாரண நாளிலேயே அமைதியான இடம் இல்லை. மேம்பால வேலை தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ஒலிநாடாவில் பேசுவது கேட்காது. கேட்டல் பயிற்சி இந்த அறையில் உருப்படியாக நடப்பதில்லை. ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு வீட்டில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். நான் உசிலம்பட்டி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டே தேறினேன்.

எழுத்துப் பயிற்சி பலவீனம். கடிதம் எழுதிக் கொடுத்தால் திருத்தி வர வாரக்கணக்கில் ஆகிறது. மேடம் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார், வீட்டில் படுக்கையாக இருக்கும் தாயையும் பார்க்கிறார். காரணம் புரிகிறது. ஆனால் பணம் கட்டிப் படிப்பவருக்குத் தேர்வு நெருங்கும்போது அது பெரிய குறைதான். ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளும்படி நேரிலும் சொல்லிவிட்டேன்.

ஒரே வகுப்பில் பலதரப்பட்டவர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு அங்கே மூன்றாண்டுத் தொழிற்பயிற்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு வார்டுப் பேச்சு புதிது, ஆனாலும் ஆர்வத்தோடு படிக்கிறார்கள். 2024 ஜூனில் தொடங்கிய ‘வாய்ப்பு அட்டை’யை நம்பி இரண்டு பொறியாளர்களும் வந்தார்கள். வேலை கையில் இல்லாமலேயே ஓராண்டு வரை அங்கே போய்த் தேடலாம், தேடும்போது வாரத்துக்கு இருபது மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம், ஏ1 ஜெர்மன் அல்லது பி2 அளவு ஆங்கிலம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது அந்த ஏற்பாடு. புள்ளிக் கணக்கில் தேற வேண்டும், செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். அவர்களுக்கு இந்தக் கட்டில் பாடத்தால் பயன் இல்லை. ஏ1 முடித்ததும் போய்விட்டார்கள். செவிலியர் அல்லாதவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பி2 வகுப்பு எப்போதாவதுதான் கூடுகிறது. ஆள் சேராவிட்டால் தள்ளிக்கொண்டே போகும். நான் காத்திருந்து பார்த்துவிட்டு இணையவழியில் வேறு ஆசிரியரிடம் சேர்ந்தேன். பெண்கள் இவ்வளவு பேர் வரும் இடத்தில் கழிப்பறை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு நேரே வருகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து மாணவர்கள் தேர்வுக்குச் சென்னையில் நுங்கம்பாக்கத்திலுள்ள கோதே நிறுவனத்துக்கோ, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் கோதே மையங்களுக்கோதான் போகிறார்கள். கோயம்புத்தூருக்கு ஆரப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. சென்னைக்கு முந்தின இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் போய்ச் சேரலாம். இடம் கிடைப்பதுதான் கடினம். பதிவு திறந்ததும் முடிந்துவிடுகிறது. பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றும் நூறு மதிப்பெண், தேற அறுபது வேண்டும். ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம், மற்றவை வீணாகாது. இதை நம் பெண்களில் பலருக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு பகுதி போய்விட்டது என்று அழுதுகொண்டு மொத்தத்தையும் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேலை தேடும் பக்கத்தில் வகுப்பு செய்வது இவ்வளவுதான்: ஜெர்மன் முறையில் தன்விவரப் பட்டியல் எழுதக் கற்றுத்தருவார், விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தருவார், ஜெர்மன் அரசின் ‘மேக் இட் இன் ஜெர்மனி’ தளத்தையும் அவர்களுடைய கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் பட்டியலையும் எப்படித் தேடுவது என்று காட்டுவார். ஆள் அனுப்புவதில் அவர் இறங்குவதில்லை. யார் பெயரையும் பரிந்துரைப்பதும் இல்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இதனால்தான்.

முகவரைத் தேடுபவர்கள் பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவற்றையும் அவரே சொல்லித்தருகிறார். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் இருக்கிறது. வேலை தேடுபவரிடம் அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இரண்டரை லட்சம் எங்கே, இது எங்கே. ஜெர்மனியில் செவிலியரை நியாயமாக அழைத்து வருபவர்களுக்கென்று அரசின் தர முத்திரை ஒன்று இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் செவிலியரிடம் ஆள் எடுப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, செலவு வேலை கொடுப்பவருடையது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அவர்களுடைய அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் அமைப்பு, செவிலியர்களை ஜெர்மனிக்கு அனுப்ப நடத்தும் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் தேர்வாகும் செவிலியர்களுக்கு பி1 வரை கட்டணமில்லாமலே மொழி கற்றுத்தருகிறார்கள். 2022-இல் தாய்லாந்து வேலை என்று போன நம் தமிழ்ப் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த செய்தியைப் படித்தவர்கள், இந்தச் சரிபார்ப்பு ஏன் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள்.

புதிய ஏ1 வகுப்பு தொடங்கும் தேதியைப் படிக்கட்டுச் சுவரில் தாளில் எழுதி ஒட்டுவார்கள். முதல் மூன்று வகுப்புகளுக்குப் பணம் வாங்குவதில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாம். மேடத்திடம் பேச வேண்டுமென்றால் மாலை வகுப்பு முடியும் ஏழரை மணிக்குப் போங்கள், பாடத்தின் நடுவில் எழுந்து வரமாட்டார். போகும்போது அந்த மாதத்து டியூட்டிப் பட்டியலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களால் எத்தனை வகுப்புக்கு வர முடியும் என்று அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் சேர்த்துக்கொள்வார். போதாது என்று தோன்றினால் அடுத்த தொகுதிக்கு வரச் சொல்லிவிடுவார், பணம் வாங்கமாட்டார்.